வங்கியின் பெயரில், வங்கியின் பழைய செய்திகளுக்குக் கீழேயே வந்த போலிக் குறுஞ்செய்தி: எதை நம்புவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் சொல்கிறேன். உங்கள் தாயாரின் கைப்பேசியில், வங்கி வழக்கமாக அனுப்பும் செய்திகள் இருக்கும் அதே வரிசையில், "உங்கள் விவரங்கள் புதுப்பிக்கப்படாததால் கணக்கு இன்றிரவு முடக்கப்படும்" என்று ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அதிலிருந்த இணைப்பை அவர் தொட்டுத் திறந்துவிட்டார். பக்கத்தைப் பார்த்ததும் ஏதோ உறுத்தவே, எதையும் நிரப்பாமல் மூடிவிட்டார். பணத்துக்கு ஆபத்து உண்டா, இனிமேல் உண்மைச் செய்தியையும் போலியையும் எப்படிப் பிரித்தறிவது என்பவை நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு கேள்விகள். அவற்றுக்கு அடியில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, உண்மையில் உங்களை அலைக்கழிப்பது அதுதான் என்று நினைக்கிறேன்: வங்கியின் பெயரிலேயே, வங்கியின் பழைய செய்திகளுக்குக் கீழேயே போலி வந்து உட்காரும் என்றால், திரையில் தெரிவதில் எதைத்தான் நம்புவது? ஒரு வங்கியின் மோசடிப் புகார்ப் பிரிவில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவன் என்ற முறையில், எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும், ஓரளவுக்கு மட்டுமே சொல்லக்கூடியதையும் தனித்தனியாகச் சொல்ல முயல்கிறேன்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் பக்கத்தைத் திறந்து பார்த்ததோடு நிறுத்திக்கொண்டிருந்தால், அதாவது பயனர் பெயர், கடவுச்சொல், அட்டை எண், ஓடிபி (வங்கி அனுப்பும், ஒருமுறை மட்டுமே செல்லும் எண்) என எதையும் தட்டச்சு செய்யாமலும் எந்தச் செயலியையும் நிறுவாமலும் இருந்திருந்தால், பணம் போவதற்கான வழி அநேகமாகத் திறக்கவில்லை. 'அநேகமாக' என்ற சொல்லை வேண்டுமென்றே போடுகிறேன். ஒரு பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில் கைப்பேசிக்குள் நுழையக்கூடிய தாக்குதல்கள் உண்டு. ஆனால் அவை இன்னும் அடைக்கப்படாத ஓர் ஓட்டையைத் தேடிப் பிடித்துச் செய்யப்படுபவை, பெரும் செலவு பிடிப்பவை. ஒரே செய்தியை ஆயிரக்கணக்கானோருக்குத் தூவுகிறவர்கள் அவற்றைக் கையில் எடுப்பது அரிது. கைப்பேசியின் இயங்குதளத்தையும் உலாவியையும் புதுப்பித்துவிட்டால் எஞ்சிய ஐயத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இந்த எண்ணில் ஆள் இருக்கிறார், இணைப்பைத் தொடவும் செய்கிறார் என்பது அனுப்பியவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்புண்டு. எனவே வரும் வாரங்களில் இதே மாதிரிச் செய்திகளும், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லும் அழைப்புகளும் கூடுதலாக வரலாம். தாயாரிடம் ஒன்றை மட்டும் நிதானமாகக் கேளுங்கள்: பக்கம் திறந்தபோது ஏதாவது கோப்பு இறங்கியதா, 'நிறுவு' என்றோ 'அனுமதி' என்றோ எதையாவது தொட்டாரா? குரலில் கோபம் தெரியாமல் கேளுங்கள். திட்டு வாங்க வேண்டியிருக்குமே என்ற அச்சத்தில் பாதியை மறைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மறைத்த அந்தப் பாதியில்தான் பணத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடிய நேரமும் போயிருக்கும்.

இனி அந்தச் செய்தி வரிசைக்கு வருகிறேன். குறுஞ்செய்தியின் மேலே எண்ணுக்குப் பதிலாக வங்கியின் பெயர் தெரிகிறதே, அது வங்கி யாரென்று யாரோ சரிபார்த்து ஒட்டிய முத்திரை என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது அனுப்புகிறவர் தரப்பில் நிரப்பப்படும் ஒரு கட்டம் மட்டுமே. அதிகபட்சம் 11 எழுத்துகள் கொண்ட எந்தப் பெயரையும் அதில் இடலாம். தடுக்க வேண்டியது இடையில் இருக்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வேலை. அவை தடுக்கவில்லை என்றால் கைப்பேசிக்கு அதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. கைப்பேசி அந்தப் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, ஒரே பெயரில் வந்தவை எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்குகிறது. அதனால்தான் போன மாதம் வந்த உண்மையான இருப்புத் தகவலுக்குக் கீழே இன்றைய போலி, ஒரே கையால் எழுதப்பட்டது போல வந்து நிற்கிறது. முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் அனுப்பப்பட்டது. அந்தக் காலத்தில் வடிவமைக்கப்பட்ட ஓர் ஏற்பாடு பின்னாளில் வங்கிக் கணக்கின் சாவியைச் சுமக்கும் என்று யாரும் எண்ணியிருக்க நியாயமில்லை.

இது வெறும் சாத்தியம் என்று எண்ணிவிட வேண்டாம். 2021 டிசம்பரில் சிங்கப்பூரில் ஓசிபிசி வங்கியின் வாடிக்கையாளர்களுக்கு இப்படித்தான், வங்கியின் உண்மைச் செய்திகள் இருந்த அதே வரிசையில் போலிகள் வந்தன. ஏறத்தாழ 790 பேர், மொத்தம் 1.37 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் இழந்தார்கள். வங்கி பிறகு நல்லெண்ண அடிப்படையில் அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்தது. அதன் பின்விளைவாக, குறுஞ்செய்திகளிலும் மின்னஞ்சல்களிலும் தொட்டுத் திறக்கும் இணைப்புகளை வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவதை வங்கிகள் நிறுத்த வேண்டும் என்று 2022 ஜனவரியில் அங்கே முடிவானது. பெயரில் அனுப்ப விரும்பும் நிறுவனங்கள் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், பதிவில்லாத பெயரில் வருபவை 'மோசடியாக இருக்கலாம்' என்ற அடையாளத்தோடு காட்டப்படும் என்ற முறையும் 2023 ஜனவரி இறுதியில் நடைமுறைக்கு வந்தது. வேறு பல நாடுகளிலும் இத்தகைய பதிவேடுகள் உள்ளன. அவை பெரிய அளவில் உதவுகின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் பதிவேடு இருக்கிற நாட்டில் பெயரை நம்பலாமா என்று கேட்டால், முழுமையாக நம்பக் கூடாது என்றே சொல்வேன். தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பைத் தொடாமலேயே செய்தி அனுப்பும் முறை ஒன்று இப்போது பரவியிருக்கிறது. ஒரு காரில் வைத்து ஓட்டிச் செல்லக்கூடிய அளவிலான போலிக் கோபுரக் கருவி, சுற்றியுள்ள கைப்பேசிகளைத் தன் பக்கம் இழுத்து, 2ஜி என்ற பழைய இரண்டாம் தலைமுறை வலையமைப்பு நிலைக்கு இறக்கி, தான் விரும்பும் பெயரில் செய்தியைத் திணித்துவிட்டு விடுவித்துவிடும். 2ஜி முறையில் கைப்பேசிதான் கோபுரத்திடம் தன்னை நிரூபிக்க வேண்டும். கோபுரம் கைப்பேசியிடம் தன்னை நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தக் குறைதான் இங்கே பயன்படுகிறது. ஆண்ட்ராய்டு 12 முதல், வசதி உள்ள கைப்பேசிகளில் 2ஜியை அணைத்து வைக்க அமைப்புகளில் இடமிருக்கிறது. ஐபோனில் லாக்டவுன் என்ற கடும் பாதுகாப்பு முறையைப் போட்டால் அணைந்துவிடும். 2ஜி மட்டுமே கிடைக்கும் இடங்களில் வசிப்பவருக்கு இந்த யோசனை ஒத்துவராது. இணையம் வழியாக வரும் ஐமெசேஜ் (ஐபோன்களுக்கிடையேயான செய்தி முறை), ஆர்சிஎஸ் (குறுஞ்செய்திக்கு மாற்றாக வந்த புதிய முறை) செய்திகளும் குறுஞ்செய்தி வடிகட்டிகளைத் தாண்டி வருபவையே. அறிமுகமில்லாதவர் அனுப்பிய ஐமெசேஜில் இணைப்பு உடனே திறக்காது. பதில் எழுதினால்தான் உயிர்பெறும். எனவே "ஒய் என்று பதில் அனுப்பிவிட்டு மீண்டும் திறக்கவும்" என்று ஒரு செய்தி சொன்னால், அந்தப் பூட்டை உங்கள் கையாலேயே திறக்கச் சொல்கிறார்கள் என்று பொருள்.

பெயரை விட்டுவிட்டு நடையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமா என்றால், அதுவும் பழைய உபாயமாகிவிட்டது. எழுத்துப் பிழை, ஒட்டாத வாக்கியம், வினோதமான விளி ஆகியவை இருந்தால் போலி என்று தயங்காமல் ஒதுக்கலாம். அவை இல்லாததால் உண்மை என்று கொள்ள முடியாது. எழுதித் தரும் மென்பொருள்கள் வந்த பிறகு தமிழிலும் பிழையற்ற போலிகள் வருகின்றன. இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்துகள் 160 வரையும், தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துகள் 70 வரையும்தான் அடங்கும். இந்த நெருக்கடியில் வங்கிகளே ஆண்டுக்கணக்காகச் சொற்களைக் குறுக்கி, சுருக்கப்பட்ட இணைப்புகளைப் போட்டு, அவசரத் தொனியில் எழுதிப் பழக்கிவிட்டார்கள். வாடிக்கையாளர்கள் போலியைக் கண்டுபிடிக்கத் தவறுவதற்கு இதில் வங்கிகளுக்குப் பங்குண்டு என்பது என் உறுதியான கருத்து.

இணைப்பின் முகவரியைப் படிக்கத் தெரிந்துகொள்வது ஓரளவுக்கு உதவும், ஆகவே அதைச் சொல்கிறேன். முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்கடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதன் முன்னால் இருப்பதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். உங்கள் வங்கியின் தளம் 'எங்கள்வங்கி புள்ளி காம்' என்று வைத்துக்கொள்வோம். செய்தியில் 'எங்கள்வங்கி புள்ளி காம் புள்ளி சரிபார்ப்பு புள்ளி இன்ஃபோ' என்று இருந்தால், அந்த இடத்துக்குச் சொந்தக்காரர் 'சரிபார்ப்பு புள்ளி இன்ஃபோ' என்ற பெயரைப் பதிவு செய்தவரே. அவர் தன் பெயருக்கு இடப்பக்கத்தில் எந்த வங்கியின் பெயரையும் ஒட்டிக்கொள்ளலாம், யாருடைய அனுமதியும் தேவையில்லை. 'எங்கள்வங்கி' என்பதோடு ஒரு சிறு கோடும் 'உதவி' என்ற சொல்லும் சேர்த்தால் அது முற்றிலும் வேறொரு தளம். சுருக்கப்பட்ட இணைப்பில் இவை எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. வேற்றுமொழி எழுத்துகளில் ஆங்கில எழுத்தைப் போலவே தோன்றுபவை உள்ளன. ரஷ்ய எழுத்துமுறையின் 'அ'வையும் ஆங்கில 'ஏ'யையும் திரையில் பிரித்தறிவது கடினம். பூட்டுப் படத்தையும் நம்ப வேண்டாம். இடையில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. மறுமுனையில் இருப்பவர் திருடராக இருந்தாலும் பூட்டு தெரியும். இதை மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதற்காகவே குரோம் உலாவி 2023இல் அந்தப் படத்தை எடுத்துவிட்டது.

இப்போது சொல்லப்போவதைத்தான் உங்கள் தாயாருக்கு நீங்கள் பொறுமையாக விளக்க வேண்டும். "வங்கியிலிருந்து உண்மையான ஓடிபி வந்தது, அதனால்தான் அந்தப் பக்கத்தை நம்பினேன்" என்று புகார் கொடுக்க வந்தவர்கள் சொல்லி நான் கேட்ட முறைகளுக்குக் கணக்கில்லை. போலிப் பக்கம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் இந்த நம்பிக்கை எங்கே சறுக்குகிறது என்பது புரியும். நீங்கள் அங்கே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டவுடன், மறுபக்கத்தில் ஓர் ஆளோ ஒரு நிரலோ அதே விநாடியில் அவற்றை வங்கியின் உண்மைத் தளத்தில் இடுகிறது. வங்கி தன் வழக்கப்படி உங்கள் எண்ணுக்கு ஓடிபி அனுப்புகிறது. போலிப் பக்கத்தில் "சற்றுக் காத்திருக்கவும்" என்று ஒரு வட்டம் சுழன்றுகொண்டிருக்கும். பிறகு ஓடிபிக்கான கட்டம் வரும். நீங்கள் இட்ட எண் சில விநாடிகளில் உண்மைத் தளத்துக்குப் போய்விடுகிறது. ஆக, ஓடிபி வந்தது என்றால் உங்கள் கணக்கில் யாரோ ஏதோ செய்ய முனைகிறார்கள் என்பது மட்டுமே உறுதி. அந்த யாரோ நீங்கள்தானா என்பதை அது சொல்லாது.

ஆனால் அந்த யாரோ என்ன செய்ய முனைகிறார் என்பதை ஓடிபிச் செய்தி பல சமயங்களில் சொல்லிவிடுகிறது. ஓய்வு பெற்ற ஒருவர் தன் கைப்பேசியை என் மேசையில் வைத்து, முகவரியைப் புதுப்பிப்பதற்காகத்தான் எண்ணைக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் செய்தியைத் திறந்து, உரக்கப் படிக்கும்படி கேட்டேன். "உங்கள் அட்டையை டிஜிட்டல் வாலட்டில் சேர்ப்பதற்கான ஓடிபி" என்று தொடங்கினார், 'வாலட்டில்' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. யாருடனும் பகிர வேண்டாம் என்ற அடுத்த வரிக்கு அவர் போகவே இல்லை. எண் வந்தவுடன் விசைப்பலகையின் மேலேயே அது தோன்றும், தொட்டால் கட்டத்தில் போய் விழும். செய்தியை அவர் திறந்தே பார்த்திருக்கவில்லை. அவர் அட்டை வேறொருவரின் கைப்பேசியில் ஏற்றப்பட்டு, அங்கிருந்து செலவாகிக்கொண்டிருந்தது. அன்று முதல் நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது இதுதான்: ஓடிபியைத் தானாக நிரப்ப விடாதீர்கள், செய்தியைத் திறந்து, எண்ணைச் சுற்றியுள்ள சொற்களைப் படியுங்கள். எந்தச் செயலுக்கு, எவ்வளவு தொகைக்கு, யாருக்கு என்று பாருங்கள். புதிய பயனாளியைச் சேர்க்க, புதிய கருவியில் செயலியை இயக்க, பரிமாற்ற வரம்பை உயர்த்த என்றெல்லாம் நீங்கள் கேட்காத ஒன்று அங்கே இருந்தால் அதோடு நிறுத்துங்கள். சில வங்கிகளின் ஓடிபிச் செய்தியில் செயலின் பெயரே இருக்காது என்பது வருத்தத்துக்குரிய உண்மை. அத்தகைய செய்தி வந்தால் எண்ணை இடுவதற்கு முன் இன்னும் ஒரு மடங்கு தயங்க வேண்டும்.

இணைப்பே இல்லாத வகையும் உண்டு. "உங்கள் அட்டையில் இவ்வளவு தொகை செலவிடப்பட்டது, நீங்கள் செய்யவில்லை என்றால் இந்த எண்ணை அழைக்கவும்" என்று வரும். அழைத்தால் மிகுந்த மரியாதையோடு பேசும் ஒருவர், பணத்தைக் காப்பாற்ற அதை 'பாதுகாப்பான கணக்கு' ஒன்றுக்கு மாற்றச் சொல்வார். அப்படி ஒரு கணக்கு எந்த வங்கியிலும் கிடையாது. கணக்கில் பணம் தவறுதலாக வந்துவிட்டது, திருப்பி அனுப்புங்கள் என்பது மற்றொன்று. வரவு வந்ததாகக் காட்டும் குறுஞ்செய்தியும் அவர்களே எழுதியதாக இருக்கும், ஆகவே செய்தியைப் பார்க்காமல் கணக்கில் இருப்பைப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஆபத்தானது செயலிக் கோப்பை நிறுவச் சொல்வது. 2020இன் இறுதியில் ஐரோப்பாவில் பரவத் தொடங்கிய ஃப்ளூபாட் என்ற தீநிரல் அப்படித்தான் வந்தது. பொதி வந்திருக்கிறது, எங்கே இருக்கிறது என்று பார்க்க இந்தச் செயலியை நிறுவுங்கள் என்றது. நிறுவியதும், மாற்றுத்திறனாளிகளின் வசதிக்காக ஆண்ட்ராய்டில் வைக்கப்பட்டிருக்கும் அணுகல்தன்மை அனுமதியைக் கேட்டுப் பெற்று, வங்கிச் செயலிகளின் கடவுச்சொற்களைத் திருடியது. பாதிக்கப்பட்டவரின் தொடர்புப் பட்டியலில் இருந்தவர்களுக்கும் பரவியது. 11 நாடுகளின் காவல்துறைகள் சேர்ந்து 2022இல் அதை முடக்கின. தாயார் எதையாவது நிறுவியிருந்தால், அல்லது நிறுவினாரா என்பது அவருக்கே நினைவில்லை என்றால், கைப்பேசியை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியை அழையுங்கள். கைப்பேசியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைப்பதே பாதுகாப்பானது.

அப்படியானால் எதை நம்புவது? செய்தியின் தோற்றத்தில் நம்பத்தக்கது எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டால் வேலை எளிதாகிறது, ஏனென்றால் உண்மையா போலியா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய கட்டாயமே உங்களுக்கு இல்லை. செய்தி உண்மையாகவே இருக்கட்டும்; கணக்கு முடங்கப்போவது நிஜமாகவே இருக்கட்டும். செய்தி காட்டும் வழியில் போகாமல், நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் வழியில் வங்கிக்குப் போங்கள்: கைப்பேசியில் முன்பே உள்ள வங்கிச் செயலி, அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண், அல்லது கிளை. விவரம் புதுப்பிக்க வேண்டியிருந்தால் அங்கேயும் அது தெரியும். வங்கியின் எண்ணை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். தேடல் முடிவுகளில் போலி உதவி எண்களை விளம்பரமாக ஏற்றி வைக்கிறார்கள். பல ஆண்டுகள் யோசித்த பிறகும் எல்லா வகைப் போலிக்கும் பொருந்தும்படி எனக்குக் கிடைத்த ஒரே முறை இதுதான். மற்ற அடையாளங்கள் எல்லாம் ஒரு காலத்தில் பலித்து, பிறகு திருடர்கள் கற்றுக்கொண்டுவிட்டவை.

கருவிகளில் இரண்டைப் பரிந்துரைப்பேன். கடவுச்சொல் மேலாளர் என்ற மென்பொருள், சேமித்து வைத்த கடவுச்சொல்லை அதற்குரிய தளத்தில் மட்டுமே நிரப்பும். கண்ணுக்கு அச்சு அசலாகத் தெரிகிற போலிப் பக்கத்தில் அது நிரப்ப மறுத்தால், அந்த மறுப்பை மனிதக் கண்ணைவிட அதிகம் மதியுங்கள். நீங்களே தட்டச்சு செய்து கொடுத்துவிடாதீர்கள். கடவுச்சொல்லுக்குப் பதிலாக, கைப்பேசியின் பூட்டைத் திறப்பது போலவே விரல்ரேகையாலோ முகத்தாலோ உள்ளே நுழைய விடும் பாஸ்கீ வசதியை வங்கி தந்தால் அதற்கு மாறிவிடுங்கள். அது தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டிருப்பதால் போலித் தளத்தில் இயங்கவே இயங்காது. ஓடிபிக்குப் பதிலாக, தொகையையும் பெறுநரின் பெயரையும் காட்டி வங்கிச் செயலிக்குள்ளேயே ஒப்புதல் கேட்கும் முறை இருந்தால் அதுவும் மேலானது. குறுஞ்செய்தியில் வரும் எண்ணை வழியிலேயே திருப்பிக்கொண்ட தாக்குதல்களும் நடந்திருக்கின்றன. 2017இல் ஜெர்மனியில், தொலைத்தொடர்பு வலையமைப்பின் பழைய குறை ஒன்றைப் பயன்படுத்தி வாடிக்கையாளர்களின் கணக்குகளிலிருந்து பணம் எடுக்கப்பட்டது. சாதாரண வாடிக்கையாளருக்கு அது நேரும் வாய்ப்பு, அவரிடமே எண்ணைக் கேட்டு வாங்குவதைவிடக் குறைவு என்பது என் அனுபவம். அதைவிட அடிக்கடி நடப்பது உங்கள் எண்ணுக்கு வேறொரு சிம்மை வாங்கிவிடுவது. காரணமில்லாமல் கைப்பேசியில் சிக்னல் நீண்ட நேரம் போய்விட்டால் அன்றே விசாரியுங்கள்.

ஓடிபி எண்ணைக் கொடுத்துவிட்டதாகத் தெரிய வந்தால், வங்கியை அழைத்துக் கணக்கையும் அட்டையையும் முடக்கச் சொல்வது முதல் வேலை. காவல்துறைப் புகார் அதற்கடுத்தது, ஆனால் அன்றே. கடவுச்சொல்லை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். அது போதாது என்பதைப் பலர் அறிவதில்லை. புதிதாகச் சேர்க்கப்பட்ட பயனாளிகள், பதிவான கருவிகள், உயர்த்தப்பட்ட வரம்புகள், அட்டை ஏற்றப்பட்ட வாலட்டுகள், மாற்றப்பட்ட மின்னஞ்சல் முகவரி ஆகிய ஒவ்வொன்றையும் வங்கி ஊழியரோடு சேர்ந்து பார்த்து நீக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் கடவுச்சொல் மாறிய பிறகும் இவற்றின் வழியாகப் பணம் போகும். அழைத்த நேரத்தையும் புகார் எண்ணையும் எழுதி வையுங்கள். அந்தச் செய்தியை அழிக்காமல் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வையுங்கள். இழந்தது திரும்ப வருமா என்பதில் என்னால் உறுதி தர முடியாது. நாட்டுக்கு நாடு விதிகள் வேறு. நீங்களே எண்ணைக் கொடுத்த பரிமாற்றத்தையும், உங்களுக்குத் தெரியாமல் நடந்ததையும் பல இடங்களில் தனித்தனியாகவே நடத்துகிறார்கள். எங்கும் பொதுவாக இருப்பது, எவ்வளவு சீக்கிரம் தெரிவித்தீர்கள் என்பதற்கு அதில் பெரிய எடை உண்டு என்பது. பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று பிறகு ஒரு செய்தி வந்தால், அதுவும் அதே கூட்டத்தின் அடுத்த வலையாக இருக்க வாய்ப்பு மிகுதி.

உங்கள் தாயார் பக்கத்தைப் பார்த்ததும் ஏதோ உறுத்தியது என்று மூடியிருக்கிறார். அந்த உறுத்தல் சரியானது என்று அவரிடம் முதலில் சொல்லுங்கள். பிறகு அவருடைய அட்டையை எடுத்துப் பின்புறத்து எண்ணை அவர் கையாலேயே கைப்பேசியில் வங்கியின் பெயரில் சேமிக்கச் சொல்லி, அவரையே ஒருமுறை அழைத்துப் பேச வையுங்கள்; நாளை இரவு இன்னொரு செய்தி வரும்போது நீங்கள் பக்கத்தில் இல்லாமல் இருக்கலாம்.